கீயை டெலீட் பண்ணிட்டேன்ணா, ஓகேதானே?

டீம்ல புதுசா சேர்றவங்ககிட்ட இருந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும், அதுவும் குரூப்ல வராது, தனி மெசேஜ்ல வரும், "அண்ணா ஒரு சின்ன டவுட்"னு ஆரம்பிச்சு. ஏபிஐ கீயையோ (நம்ம புரோகிராம் வேற ஒரு சர்வீஸுக்குள்ள நுழையக் குடுக்குற ரகசியச் சாவி) டேட்டாபேஸ் பாஸ்வேர்டையோ கோடுக்குள்ளயே எழுதி புஷ் பண்ணிட்டாங்க, அதாவது கோடு இருக்குற சர்வருக்கு அனுப்பிட்டாங்க, அப்புறம் பாத்துட்டாங்க, அந்த வரியை எடுத்துட்டு இன்னொரு கமிட் (மாத்தினதைப் பதிவு பண்றது) போட்டுட்டாங்க, இப்ப ஓகேதானே?

ஓகே இல்லப்பா. கேக்குற விதத்துலயே தெரியும், நான் "ஆமா, விடு"ன்னு சொல்லணும்னு ஆசைப்படுறாங்கன்னு, ஆனா சொல்ல முடியாது. நான் இந்த வேலைக்கு வந்து 13 வருஷம் ஆச்சு, இதே தப்பை இதைவிட மோசமா பண்ணினவன், அதனால திட்டவும் வாய் வராது. அதான் இங்க எழுதி வெச்சிடலாம்னு.

முதல்ல கிட், அதாவது கோடுல நடக்குற மாற்றத்தை எல்லாம் பதிவு பண்ணி வெக்கிற டூல், எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம், ஏன்னா தினமும் யூஸ் பண்ற நிறைய பேருக்கே இது சரியா பிடிபட்டிருக்காது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் கெர்னல் வேலைக்காக இதை எழுதும்போதே உள்ள போன டேட்டா கெடக்கூடாது, யாரும் சத்தமில்லாம மாத்திடக்கூடாதுங்கறதுல ரொம்ப குறியா இருந்தார். ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்துல ஃபைல்லாம் எப்படி இருந்துச்சோ அதை அப்படியே போட்டோ எடுத்து ஆல்பத்துல ஒட்டுற மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் 40 எழுத்துல ஒரு ஹேஷ், அந்தப் போட்டோவோட அடையாள எண் மாதிரி. நீங்க கீ இருந்த வரியை அழிச்சு கமிட் பண்ணா ஆல்பத்துல இன்னொரு போட்டோ சேருது, அவ்வளவுதான், பழைய போட்டோ அதே பக்கத்துல பத்திரமா இருக்கும். கிட் லாக் கமாண்டுல பெரிய எஸ் ஆப்ஷன் போட்டு ஒரு வார்த்தையைக் குடுத்துப் பாருங்க, அது எந்தக் கமிட்ல உள்ள வந்துச்சு, எந்தக் கமிட்ல வெளிய போச்சுன்னு ரெண்டையும் எடுத்துக் குடுத்துடும். இதுல கொடுமை என்னன்னா அழிக்கிற கமிட்டுக்கு நம்ம பசங்க "ரிமூவ் சீக்ரெட் கீ"ன்னு மெசேஜ் வேற எழுதுவாங்க, திருடன் தேடக்கூட வேண்டாம், நாமளே அம்புக்குறி போட்டுக் குடுத்த மாதிரி.

கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல் பேரை எழுதி வெக்கிற கிட்இக்னோர்ல போட்டுட்டேனேன்னு சில பேர் சொல்வாங்க. அது இன்னும் உள்ள வராத ஃபைலுக்குத்தான், ஏற்கெனவே கமிட் ஆன ஃபைலை கிட்இக்னோர்ல எழுதினாலும் கிட் பாட்டுக்கு அதை டிராக் பண்ணிக்கிட்டேதான் இருக்கும்.

சரி, ஹிஸ்டரியையே, அதாவது பழைய கமிட்டை எல்லாம், மாத்தி எழுதி ஃபோர்ஸ் புஷ் பண்ணி சர்வர்ல இருக்குறதுக்கு மேலயே போட்டுட்டா? அதுக்கு கிட் ஃபில்டர் ரெப்போன்னு டூல் இருக்கு, நல்ல டூல்தான், ஆனா அதுக்குள்ள யாராவது குளோன் பண்ணி முழுசா காப்பி எடுத்திருந்தா அவங்க மெஷின்ல பழசு இருக்கும், ஃபோர்க் பண்ணி தன் அக்கவுண்ட்ல ஒரு காப்பி வெச்சிருந்தா அங்கயும் இருக்கும், கோடு வெக்கிற தளமான கிட்ஹப்ல ஹேஷ் தெரிஞ்சவங்க நேரா அந்தப் பழைய கமிட்டைத் திறந்து பாக்கவும் முடியும். கிட்ஹப்போட சொந்த டாகுமென்டேஷன்லயே முதல் வேலை கீயை செல்லாததா ஆக்குறதுன்னுதான் போட்டிருக்கு, ஹிஸ்டரியைக் கழுவுறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். வீட்டுச் சாவி தெருவுல விழுந்துட்டா தெருவைக் கூட்டிக்கிட்டு இருக்க மாட்டோம், பூட்டை மாத்துவோம். கோடுன்னு வந்தா மட்டும் எல்லாரும் தெருவைத்தான் கூட்டுறாங்க, ஏன்னா பூட்டை மாத்தணும்னா நாலு பேர்கிட்ட சொல்லணும்.

என் கதைக்கு வர்றேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம், வேற கம்பெனிக்கு இன்டர்வியூ இருந்துச்சு, நான் எழுதின ஒரு சின்ன டூலை காட்டலாம்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பிரைவேட் ரெப்போவை (கோடும் அதோட ஹிஸ்டரியும் இருக்குற இடம்) பப்ளிக்கா மாத்தினேன். மாத்துறதுக்கு முன்னாடி கடைசி வெர்ஷனை முழுசா ஒரு தடவை படிச்சேன், சுத்தமா இருந்துச்சு. ஆனா மூணாவது கமிட்டை யார் பாத்தா? டெஸ்ட் பண்றதுக்காக ஆபீஸ் கிளவுட் கீயை (வாடகைக்கு எடுத்த சர்வருக்கான சாவி) செட்டிங்ஸ் இருக்குற கான்ஃபிக் ஃபைல்ல போட்டிருந்தேன், அடுத்த நாளே எடுத்துட்டேன், எடுத்ததே எனக்கு மறந்து போச்சு. அமேசான் கிளவுட்ல நிரந்தரமா குடுக்குற ஆக்சஸ் கீயோட ஐடி எப்பவுமே AKIA அப்படிங்கற நாலு எழுத்துல ஆரம்பிக்கும், இந்த வடிவத்தைத் தேடியே பப்ளிக் ரெப்போ எல்லாத்தையும் ராத்திரி பகலா மேயுற பாட், அதாவது தானா ஓடுற புரோகிராம், இருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் ஏதோ சந்தேகம் வந்து ரெப்போவைக் கிளறினேன், மூணாவது கமிட்ல கீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. வயித்துல புளியைக் கரைச்சுச்சு. என்ன பண்ணினேன் தெரியுமா, ரெப்போவையே அழிச்சிட்டேன். அழிச்சிட்டு, ஒரே ஒரு ராத்திரிதானே வெளிய இருந்துச்சு, என் ரெப்போவை எவன் பாக்கப் போறான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு லேப்டாப்பை மூடினேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா "ஆபீஸ் கீ உன் சொந்த ரெப்போல ஏன் இருந்துச்சு"ன்னு கேப்பாங்க, அப்புறம் "ரெப்போவை ஏன் பப்ளிக் ஆக்கினே"ன்னு கேப்பாங்க, இன்டர்வியூ விஷயம் வெளிய வந்துடும்.

திங்கக்கிழமை காலைல வந்தா எங்க லீட் என் சீட் பக்கத்துலயே நிக்கிறாங்க. கிளவுட்ல நாங்க தொட்டே பாக்காத ரீஜியன்ல (சர்வர் இருக்குற வேற வேற ஊர்) எல்லாம் எங்க கணக்குல பெரிய பெரிய மெஷினா ஓடிக்கிட்டு இருந்திருக்கு, கிரிப்டோ மைனிங், அதாவது யாரோ டிஜிட்டல் காசு தயாரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. பில்லைப் பத்தி நான் இங்க எழுத விரும்பல.

"ஏம்பா, இந்தக் கீ உன் பேர்லதானே இருக்கு?"

"ஆமாங்க."

"எப்பத்திலருந்து தெரியும்?"

நான் பதில் சொல்லல, அவங்களும் திரும்பக் கேக்கல. "சனிக்கிழமையே எனக்கு ஒரு போன் போட்டிருந்தா ரெண்டு நிமிஷ வேலைப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாங்க. திட்டியிருந்தாகூட அவ்வளவு வலிச்சிருக்காது.

இதுல இன்னொரு கூத்து, கீ வெளிய தெரிஞ்ச உடனேயே கிளவுட் கம்பெனியிலருந்து எச்சரிக்கை மெயில் வந்திருக்கு. யாருக்கு? அக்கவுண்ட்டை முதல்ல தொடங்கின ஆளோட மெயிலுக்கு. அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. கேட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்காங்க, உள்ள ஆளே இல்ல. (உங்க ஆபீஸ் அக்கவுண்ட்டோட மெயில் இப்ப யாருக்குப் போகுதுன்னு தெரியுமா? இதைப் படிக்கிறதை நிறுத்திட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தாலும் எனக்கு சந்தோஷம்தான்.)

நாங்க பப்ளிக்கா எதுவும் வெக்கிறதில்லை, எல்லாம் பிரைவேட் ரெப்போதான்னு சொல்றவங்களுக்கு ஊபர் கதையைச் சொல்லணும். 2016ல அவங்களோட பிரைவேட் ரெப்போக்குள்ளதான் ஹேக்கருங்க நுழைஞ்சாங்க, உள்ள கோடுல கிளவுட் கீ கிடந்துச்சு, அதை வெச்சு சுமார் 5 கோடியே 70 லட்சம் பேரோட விவரத்தை அள்ளிட்டாங்க. அதுவரைக்கும் அது கீ கதை, அதுக்கு அப்புறம் நடந்ததுதான் ஆபீஸ் கதை. விஷயத்தை வெளிய சொல்லாம, நுழைஞ்சவங்களுக்கு 1 லட்சம் டாலர் குடுத்து, அதை பக் பவுன்ட்டி (ஓட்டையைக் கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்குக் குடுக்குறது) பரிசு மாதிரி காட்டினாங்க. 2017 நவம்பர்லதான் வெளிய வந்துச்சு, 2018ல அமெரிக்க மாநிலங்களோட 14 கோடியே 80 லட்சம் டாலருக்கு செட்டில்மென்ட் ஆச்சு, அப்ப பாதுகாப்புத் தலைவரா இருந்தவரை 2022ல கோர்ட் குற்றவாளின்னு சொல்லிச்சு, அதுவும் கீ திருடு போனதுக்காக இல்ல, மறைச்சதுக்காக. அவ்வளவு பெரிய பதவியில இருந்தவரும் சனிக்கிழமை மத்தியானம் நான் பண்ணினதைத்தான் பண்ணியிருக்கார், தொகைதான் வேற.

டொயோட்டாவோடது வேற மாதிரி. காருக்கான ஒரு ஆன்லைன் சர்வீஸோட சோர்ஸ் கோடுல கொஞ்சத்தை, வேலையை எடுத்துச் செஞ்ச கான்ட்ராக்டர் தரப்புல யாரோ 2017 டிசம்பர்ல தெரியாம பப்ளிக்கா போட்டுட்டாங்க, சர்வர் கீயோட. கண்டுபிடிச்சது 2022 செப்டம்பர்ல. கிட்டத்தட்ட 5 வருஷம், சுமார் 2 லட்சத்து 96 ஆயிரம் பேரோட மெயில் ஐடிக்குப் போற சாவி வெளியவே கிடந்திருக்கு. என்னை யோசிக்க வெச்சது அந்த 5 வருஷம்தான், அத்தனை நாளும் அதே கீ ஒரு தடவைகூட மாறல. 3 மாசத்துக்கு ஒரு தடவை மாத்துற பழக்கம் இருந்திருந்தா கோடு வெளிய கிடந்தாலும் அந்தக் கீ செத்துப் போயிருக்கும்.

மாத்துறது கஷ்டம்னு சொல்வாங்க, ஒத்துக்கிறேன், ஆனா ஏன் கஷ்டம்னு பாக்கணும். ஒரே கீயை பேக்எண்டுலயும் போட்டு, ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட்லயும் போட்டு, டெஸ்ட் சர்வர்லயும் போட்டு, நாலு பேரோட லேப்டாப்லயும் போட்டு வெச்சிருப்போம், எதெது அதை நம்பி ஓடுதுன்னு எவனுக்கும் தெரியாது, அதனால "மாத்தினா புரொடக்ஷன் (ஜனங்க யூஸ் பண்ற ஆப்) நின்னுடும்"னு ஒரு பயம், அந்தப் பயத்துலயே வருஷக்கணக்கா ஓடும். வேலைக்கு ஒரு கீ, அந்த வேலைக்கு என்ன தேவையோ அந்த அளவு பர்மிஷன், இதை ஆரம்பத்துலயே பண்ணியிருந்தா மாத்துறது பெரிய விஷயமே இல்ல. கிளவுட்ல ஓடுற சர்வருக்கு கீயே எழுதி வெக்கத் தேவையில்ல, ரோல்னு ஒரு பர்மிஷன் தொகுப்பைக் குடுத்தா அதுவே தற்காலிகமா ஒண்ணை வாங்கிக்கும், கொஞ்ச நேரத்துல அது தானா காலாவதி ஆகிடும். நான் எழுதின கான்ஃபிக் ஃபைல்ல இருந்த கீக்கு என்ன பர்மிஷன் தெரியுமா? அட்மின். ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டைப் படிக்கிறதுக்கு!

கோடு மட்டும் இல்ல, ஒழுகுற இடம் இன்னும் இருக்கு. வெப்சைட் பக்கம் எழுதுற ரியாக்ட்ல, செட்டிங்ஸ் வெக்கிற என்வ் ஃபைல்ல போட்டா ரகசியம்னு நெனச்சுக்கிறாங்க, பிரவுசர் கோடுல அதை யூஸ் பண்ணினா பில்ட் பண்ணும்போது அந்த வேல்யூ அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ள போயிடும், பிரவுசர்ல யார் வேணாலும் படிக்கலாம். ஆப்பை அடுக்கடுக்கா மூட்டை கட்டுற டாக்கர் இமேஜ்ல ஒரு லேயர்ல ஃபைலை காப்பி பண்ணி அடுத்த லேயர்ல அழிச்சாலும் முதல் லேயர்ல அது இருக்கும், கிட் ஆல்பம் மாதிரியேதான். எரர் வந்தா மொத்த ரிக்வெஸ்ட்டையும் லாக்ல கொட்டுவோம், உள்ள இருக்குற டோக்கனும் (அதுவும் ஒரு சாவிதான்) சேந்து கொட்டும். புதுசா வந்தவருக்கு செட்அப் பண்ணிக் குடுக்குறேன்னு என்வ் ஃபைலை சாட்ல தூக்கிப் போடுறது, மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணிக்கிட்டே அதே ஃபைலைத் திறக்குறது. இப்ப ஏஐ சாட்ல எரரோட சேத்து கான்ஃபிக்கையும் பேஸ்ட் பண்றாங்க, நானும் ஒரு தடவை பண்ணப் போயி என்டர் தட்டுறதுக்கு முன்னாடி கையை எடுத்தேன்.

டூல் விஷயத்துல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, மாறின ஃபைல் எல்லாத்தையும் ஒரே அடியா சேக்குற கிட் ஆட் டாட் கமாண்டை நான் போடுறதில்ல. ஃபைல் ஃபைலா பாத்து, முடிஞ்சா பி ஆப்ஷன் போட்டு துண்டு துண்டா பாத்துத்தான் ஸ்டேஜ் பண்ணுவேன், அதாவது கமிட்டுக்கு எடுத்து வெப்பேன், பசங்க கிண்டல் பண்ணுவாங்க, பரவாயில்ல. கோடுல கீ இருக்கான்னு தேடுற கிட்லீக்ஸ் மாதிரி ஸ்கேனரை, கமிட் பண்ணும்போது தானா ஓடுற பிரீ கமிட் ஹுக்ல மாட்டிடுங்க, கமிட் ஆகுறதுக்கு முன்னாடியே பிடிச்சுடும். கிட்ஹப்பும் 2024லருந்து பப்ளிக் ரெப்போவுக்கு எல்லாம் புஷ் புரொடெக்ஷனை (புஷ் பாதுகாப்பு) தானாவே ஆன் பண்ணி வெச்சிருக்கு, தெரிஞ்ச வடிவத்துல கீ இருந்தா புஷ்ஷையே நிறுத்திடும். ஆனா தாண்டிப் போறதுக்கும் வழி குடுத்திருக்காங்க, காரணம் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்: டெஸ்ட்ல யூஸ் பண்றது, இது தப்பான அலர்ட், அப்புறமா சரி பண்றேன். அந்த மூணாவது ஆப்ஷனை வெச்ச ஆளு நிச்சயமா ஆபீஸ்ல வேலை பாத்தவராத்தான் இருக்கணும்.

அதையும் மீறி வெளிய போயிடுச்சுன்னா, ரெப்போ பக்கமே போகாதீங்க. கீ குடுத்த சர்வீஸோட டாஷ்போர்டுக்குப் போங்க. புதுசு ஒண்ணு உருவாக்கி தேவையான இடத்துல போட்டுட்டு பழசை டிஸேபிள் பண்ணுங்க, உடனே டெலீட் வேணாம், ஏதாவது நின்னு போச்சுன்னா எது அதை நம்பி இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரியும். ஆனா பப்ளிக்கா போன கீன்னா இந்த வரிசையெல்லாம் பாக்காதீங்க, முதல்ல நிறுத்துங்க, ஆப் கொஞ்ச நேரம் நிக்கட்டும். அப்புறம் ஆடிட் லாக்ல அந்தக் கீயை யார் எங்கிருந்து யூஸ் பண்ணாங்கன்னு பாருங்க. ஹிஸ்டரி கழுவுறதெல்லாம் மறுநாள் வேலை.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒருத்தர்கிட்ட சொல்லணும், அங்கதான் எல்லாரும் நிக்கிறாங்க. அப்ரைசல் நேரத்துல "அன்னிக்கு நீ கீயை விட்டியே"ன்னு எடுத்துப் பேசுற மேனேஜர் இருக்குற டீம்ல எந்தப் பையனும் சொல்ல மாட்டான், ரெப்போவை அழிச்சிட்டு லேப்டாப்பை மூடத்தான் செய்வான். எங்க டீம்ல இப்ப ஒரு பழக்கம், யாராவது புதுசா சேர்ந்தா முதல் வாரமே என் சனிக்கிழமை கதையை முழுசா சொல்லிடுவேன், இன்டர்வியூவுக்குப் போனதையும் சேத்து.

போன மாசம் ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு போன். டீம்ல சேர்ந்து மூணு வாரமே ஆன பையன்.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? மெயில் சர்வீஸ் கீயை பப்ளிக் ரெப்போல விட்டுட்டேன். இன்னும் எதையும் அழிக்கல, என்ன பண்ணணும்?"

பழசை நிறுத்தி புதுசு போட 7 நிமிஷம் ஆச்சு. அப்புறம் ரெண்டு பேரும் லாக்கைத் திறந்து பாத்தோம், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஐபியிலருந்து ரெண்டு தடவை அந்தக் கீயை முயற்சி பண்ணியிருக்காங்க. ரெண்டும் நாங்க நிறுத்தினதுக்கு அப்புறம்.