நீர்க்கரை மனையில் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்

சொத்து மதிப்பீட்டாளராக நான் எழுதும் அறிக்கைகளில், கடலையோ ஏரியையோ ஒட்டிய பழைய வீடு என்றால் மொத்த மதிப்பில் பெரும்பங்கு மனைக்கும் மிச்சம் மட்டும் கட்டடத்துக்கும் போவது வழக்கம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் காண்கிறது, பணமிருந்தால் அதைத் திரும்பவும் எழுப்பிவிடலாம். நீரைப் பார்த்த மனையோ எண்ணி இவ்வளவுதான் உண்டு. இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே, 'வீடு வெறும் இடிபொருள், தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டலாம்' என்று வாங்குபவர் முடிவு செய்துவிடுகிறார். மனைக்கு நான் எழுதிய மதிப்பில் ஒரு பகுதி, அந்தப் பழைய வீடு அங்கே நிற்பதாலேயே கிடைத்தது என்பதை அவர் கவனிப்பதில்லை.

கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்ற விதி இன்று பல நாடுகளில் இருக்கிறது. 1988இல் வந்த ஸ்பெயினின் கடற்கரைச் சட்டம் பொதுவாக 100 மீட்டர் அகலத்தைக் காப்புப் பகுதியாக்கியது. 1991இல் இந்தியா வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இத்தகைய விதிகளுக்கு முன்பே கட்டப்பட்ட வீடுகள் பல இடங்களில் இருந்தபடி இருக்க விடப்படுகின்றன; ஆனால் இடித்த மறுநாள் அதே மனை காலி மனையாகிவிடுவதால், விட வேண்டிய தூரத்தை விட்டபின் எஞ்சும் இடத்தில் ஓர் அறைகூட அடங்காமல் போகலாம். இடித்துவிட்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியருக்கு, அவர்கள் கொடுத்த விலையை விட மிகக் குறைவான தொகையையே என்னால் எழுத முடிந்தது. அஸ்திவாரத்தையும் பழைய பரப்பளவையும் வைத்துக்கொண்டு புதுப்பித்திருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்று உள்ளூர்த் திட்ட அலுவலகம் பின்னர் அவர்களிடம் சொன்னதாம்.

அடுத்தது, பத்திரத்தில் உள்ள பரப்பளவு. உலகளவில் சராசரிக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, சாய்வு குறைந்த கரையில் இவ்வளவு உயர்வே தண்ணீரைப் பல மீட்டர் உள்ளே கொண்டுவரப் போதும். ஒரு மனையில் நீர்ப்பக்கத்து எல்லைக்கல்லைத் தேடி நான் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது. கல் இருந்தது, பாசி படிந்து, வரைபடம் காட்டிய அதே இடத்தில். சிறிது சிறிதாக அரிப்பு நடந்தால் எல்லையும் கரையோடு உள்வாங்கும் என்பது பல நாட்டுச் சட்டங்களின் நிலைப்பாடு என்பதால், பழைய வரைபடத்தை நம்பாமல் புதிதாக அளந்து பார்ப்பது அவசியம்.

தடுப்புச் சுவர் இருந்தால் அதன் முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் முதுகுப்பக்கத்துத் தரையையும் பாருங்கள். சுவரை ஒட்டி நீளவாக்கில் தரை உள்வாங்கியிருந்தால், இணைப்புகள் வழியாக மண் கசிந்து வெளியேறுகிறது என்று பொருள். சுவரை மாற்றும் செலவு சில சமயம் வீட்டின் மதிப்பையே தாண்டிவிடும். அதை நான் மனை மதிப்பிலிருந்து கழித்துவிடுவேன், விற்பவர்கள் இதற்காக என்னிடம் கோபித்துக்கொள்வதும் உண்டு.

கட்டடத்தைப் பொறுத்தவரை, தூண்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உப்பு ஏறிய கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுவதால், அந்த இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை கேட்கும். அண்மையில் அடித்த வண்ணப்பூச்சு கண்ணை ஏமாற்றினாலும் இந்த ஓசையை மறைக்காது.

மனை மதிப்பையும் கட்டட மதிப்பையும் பிரித்துப் பார்க்காத குழப்பம் காப்பீட்டிலும் தொடர்கிறது. மனையும் சேர்த்து வாங்கிய மொத்த விலைக்குக் காப்பீடு எடுப்பவர் தேவையின்றி அதிகத் தவணை கட்டுகிறார். தேய்ந்துபோன கட்டட மதிப்புக்கு மட்டும் எடுப்பவர் திரும்பக் கட்டப் பணமின்றி நிற்கிறார். இடிபாடுகளை அகற்றும் செலவும் சேர்ந்த மறுகட்டுமானச் செலவே சரியான தொகை. அலை கொண்டுபோன மண்ணுக்கு வீட்டுக் காப்பீடு பொதுவாக எதுவும் தருவதில்லை.