தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா? ரைஃபிள் வீரர்களுக்கு ஆயுதச் சட்டம் சொல்வது

ரைஃபிள் சுடப் பழகி இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது. வெளிநாட்டு வீரர் ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, சுட்டு முடித்த காலி உறையில் புது பிரைமரை (தீப்பற்ற வைக்கும் சிறு மூடி) அழுத்தி, வெடிமருந்துப் பவுடரை ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை ஒரே ஆழத்தில் பொருத்துகிற வீடியோவைப் பார்த்திருப்பார்கள். பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். கம்பெனித் தோட்டா கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டை. கையால் நிரப்பியது உங்கள் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. பத்துத் தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்பினால் பத்துத் துளையும் நெருங்கி விழும். ஆசையில் தவறே இல்லை. ஆனால் இந்தியாவில் இருப்பவர் அந்த மேசையை வாங்கும் முன் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் சில வரிகளைப் படித்தே ஆக வேண்டும்.

முதலில் பிரிவு 2. ‘தோட்டா’ என்றால் நாம் நினைப்பது சுடத் தயாராக இருக்கும் முழுத் தோட்டாவை. சட்டம் அப்படி நினைக்கவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரங்களும், துப்பாக்கிக்கான வெடிமருந்துக் கட்டும் அதன் துணைப்பொருள்களும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். உறை, பிரைமர், குண்டு மட்டுமல்ல, அவற்றைக் கூட்டிச் சேர்க்கிற கைப்பிடி வைத்த அழுத்து இயந்திரமும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். “பவுடர் இல்லையே சார், வெறும் இரும்பு மெஷின்தானே” என்று வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைப்பவர், தோட்டாவையே வரவழைத்ததாக வழக்கு வர இடம் கொடுக்கிறார். பவுடருக்கும் பிரைமருக்கும் இதோடு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் சுடும் ரேஞ்சில் பொறுக்கிய காலி உறையை ஞாபகத்துக்கு வைத்திருப்பதும் குற்றமா என்று பதறுகிறவர்கள் உண்டு. அதற்குப் பிரிவு 45-ல் பதில் இருக்கிறது. தோட்டாவின் சிறு பாகங்களை, அவற்றோடு சேர வேண்டிய மற்ற பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் வைத்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. முதல் பதக்கம் வாங்கிய நாளின் உறையைச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும் பையனுக்கு இந்த விலக்கு உதவும். அதே உறை இருநூறைக் கழுவி, வாயை வெட்டிச் சீராக்கி, டப்பாவில் அடுக்கி வைத்திருப்பவருக்கு உதவாது. எண்ணம் என்ன என்பதை அந்த டப்பாவே சொல்லிவிடும்.

அடுத்தது, உரிமம் இருக்கிறதே என்ற தைரியம். உங்கள் கையில் இருப்பது பிரிவு 3-ன் கீழ் கொடுக்கப்பட்ட உரிமம்: வாங்கலாம், வைத்திருக்கலாம், எடுத்துச் செல்லலாம். தயாரிப்பது, மாற்றி அமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாம் பிரிவு 5-ன் கீழ் வருகிற வேறு விஷயம். அதற்குத் தனி உரிமம் வேண்டும். பாகங்களைச் சேர்த்து ஒரு தோட்டாவை உருவாக்குவது தயாரிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று வைத்து நடப்பதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 5-ஐ மீறுவதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம், அபராதமும் உண்டு. முன்பு 3 ஆண்டில் தொடங்கியது. பழைய ஆட்கள் சொல்கிற “அந்தக் காலத்தில் நாங்களே நிரப்பினோமே” என்ற பேச்சை இன்று யாரும் நம்பி இறங்கக் கூடாது. உண்மையிலேயே தேவை இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு, அதாவது கலெக்டருக்கோ போலீஸ் கமிஷனருக்கோ, எழுத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. பதில் வரும்வரை ஒரு பிரைமர்கூட வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: உங்களுக்கு இது தேவையா? 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் காற்றழுத்தத்தில் போகும் சிறு குண்டான பெல்லட்தான், நிரப்ப ஒன்றுமில்லை. 50 மீட்டரில் சுடுவது .22 (அங்குலக் கணக்கு) தோட்டா. அதில் பிரைமர் தனியாக இல்லை, தீப்பற்றும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கிறது. சுட்டதும் ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுகிறது. அந்த உறை அவ்வளவுதான், மறுபடி நிரப்ப உதவாது. ஒலிம்பிக்கில் இருக்கும் ரைஃபிள் போட்டிகள் இந்த இரண்டு தூரத்தில்தான். கையால் நிரப்புவது உண்மையில் பொருள்படுவது 300 மீட்டர் போன்ற பெரிய காலிபர் (குழாய் விட்டம்) போட்டிகளில் மட்டுமே.

இனி, சட்டம் உங்களுக்குத் தருவதைப் பார்க்கலாம். பயந்துபோய் இதைக் கேட்காமலே விடுபவர்கள்தான் அதிகம். மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ கேட்டால், மறுக்கக் காரணமாகப் பிரிவு 14-ல் சொன்னவை எதுவும் இல்லாதபோது உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 13. ‘கொடுக்கலாம்’ என்று இல்லை, ‘கொடுக்க வேண்டும்’ என்றே இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்ற 2019-க்குப் பிந்தைய வரம்பும் அந்த உறுப்பினரின் பயிற்சி .22-க்கும் ஏர் ரைஃபிளுக்கும் பொருந்தாது.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளைத் திருத்தி வீரர்களுக்கு மேலும் இடம் கொடுத்தது. புகழ்பெற்ற வீரர் என்ற தகுதி பெற்றவர் ஒரு போட்டிப் பிரிவில் மட்டும் அந்தத் தகுதி உடையவரானால் 8, இரண்டு பிரிவானால் 10, அதற்கும் மேலானால் 12 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். ஜூனியர் வீரருக்கும் வளரும் வீரருக்கும் ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. சாதாரணக் குடிமகனாகக் கிடைக்கிற இரண்டு இதற்கு மேல். அதே திருத்தத்தில் விதி 40-ன்படி ஒரு வருடத்தில் பயிற்சிக்கு வாங்கக்கூடிய தோட்டாவின் அளவும் கணிசமாக உயர்த்தப்பட்டது. உங்கள் பிரிவுக்கும் காலிபருக்கும் எவ்வளவு என்பதை அந்த விதியின் அட்டவணையில் பார்த்து, உரிமத்தில் அதே எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், வருடத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று உரிமத்தில் இரண்டு எண் இருக்கும். டீலர் பார்ப்பது அதைத்தான், அரசாணையை அல்ல.

கூடுதல் தோட்டா கிடைத்ததை எப்படிச் செலவழிப்பது? கையால் நிரப்பித் தேடுகிற துல்லியத்தில் பெரும்பங்கை .22-ல் லாட் சோதனை தந்துவிடும். லாட் என்றால் ஒரே தடவையில் தயாரான தொகுதி. பெட்டியின் மடிப்பில் சின்ன எழுத்தில் ஒரு லாட் நம்பர் அச்சிட்டிருக்கும். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே நிறப் பெட்டி, ஆனால் லாட் மாறினால் உங்கள் பேரலில் (துப்பாக்கிக் குழாய்) குரூப், அதாவது துளைகள் விழுகிற கூட்டம், மாறும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், தோட்டாத் துளையே 5.6 மில்லிமீட்டர். இதில் விரல் நகத்தின் கனம் அளவு குரூப் விரிந்தாலும் பதக்கம் போய்விடும். நான்கைந்து லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ரைஃபிளை ஆடாமல் தாங்கியில் வைத்து, காற்றில்லாத காலையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக நான்கு குரூப் சுடுங்கள். ஒரு நல்ல குரூப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். மோசமான குரூப் எவ்வளவு விரிந்தது என்பதைப் பாருங்கள். ஜெயித்த லாட்டில் சீசனுக்குத் தேவையானதை வருட அளவுக்குள் மொத்தமாக வாங்கிவிட வேண்டும், அந்த லாட் தீர்ந்தால் மறுபடி வராது. ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வரம்பு குறைவாக இருந்தால் மொத்தமாக வாங்க முடியாது. அதனால்தான் உரிமத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கச் சொன்னேன்.

விமானத்தில் போட்டிக்குப் போகும்போது தோட்டா ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோவுக்குள், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு, சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் மட்டும். கைப்பையின் ஓரத்தில் ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் போலீஸ் வரை போகும். கிளம்பும் முன் பையைத் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். உரிமம் 5 வருடத்துக்கு. அதில் தனி அடையாள எண் ஏறியிருக்க வேண்டும்.

மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டியது அதிகாரியின் கடமை. பொதுநலன் கருதி மறைக்க வேண்டியது இல்லையென்றால், நீங்கள் கேட்டால் சுருக்கமாகக் கொடுக்கவும் வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது. கூலி வேலை செய்பவரின் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிவு 18-ல் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. கிளப் உறுப்பினர் சான்று, போட்டி மதிப்பெண் தாள், மறுப்பு ஆணையின் நகல், இந்த மூன்றையும் இணைத்து, ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே மேல்முறையீட்டு மனுவைக் கொடுத்துவிடுங்கள்.