புளி தட்டும் பெண் எந்தக் கணக்கில் வருவார்?

அரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "பெண்களின் உழைப்புப் பங்கேற்பு இந்தியாவில் 41.7 சதவீதம், அமெரிக்காவில் 57க்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். எங்க ஊர்ல சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்பளைய நான் பார்த்ததே இல்லையே சார்?"

சூத்திரம் எளிது. வேலை பார்ப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் கூட்டி, வயது வந்தோர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வயது வரம்பு இங்கே 15, அங்கே 16. அங்கே ஓய்வுபெற்ற முதியவர்கள் அதிகம் என்பதால் வகுக்கும் எண்ணும் பெருக்கிறது. சரி, இதெல்லாம் சில்லறை. சுவாரசியம் 'வேலை பார்ப்பவர்' யார் என்பதில்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் வியாபாரி இறக்கும் புளியைத் தட்டி, ஓடும் கொட்டையும் நீக்கிக் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார். மற்ற பத்து மாதம் சமையல், விறகு, பிள்ளைகள். 41.7 வந்த 2023-24 கணக்கெடுப்பில் முதல் கேள்வி, கடந்த 365 நாளில் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்பது. வீட்டு வேலை என்பார். அங்கேயே விட்டுவிடுவதில்லை, கூடவே 30 நாளாவது வருமான வேலை பார்த்தீர்களா என்று அடுத்து கேட்கிறார்கள். புளி வந்துவிடுகிறது. ஐப்பசியில் போய்க் கேட்டாலும் அவர் உழைப்பாளர்தான்.

அமெரிக்கர்கள் மாதாமாதம், வழக்கமாக 12ஆம் தேதி வரும் வாரத்தை மட்டும் கேட்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் போதும். அந்த முறையை இங்கே கொண்டுவந்தால் நம் பெண் பங்குனியில் உள்ளே; ஐப்பசியில், வேலை தேடாவிட்டால், வெளியே. பன்னிரண்டு மாதச் சராசரியில் அவர் ஆறில் ஒரு ஆள்! நம் முறையில் முழு ஆள். இந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அதாவது 41.7 என்பதே தாராளமான அளவுகோலில் வந்தது. அமெரிக்க முறையில் அளந்தால் இன்னும் இறங்கும்.

அப்படியானால் மாணவியின் கண் பொய் சொல்கிறதா? இல்லை. கணவர் பெயரில் சொசைட்டிக்குப் பால் போகிறது, மாட்டைப் பார்ப்பது மனைவி. இங்கே அவர் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்', சம்பளம் இல்லாவிட்டாலும் கணக்கில் சேர்வார். அங்கே வாரம் 15 மணி நேரமாவது உழைத்திருக்க வேண்டும். வீட்டு அடுப்புக்கு விறகு பொறுக்குவது இரண்டு நாட்டிலும் சேராது; நம் படிவத்தில் அதற்கு 93 என்று தனி எண் கொடுத்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொன்று, "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் மாட்டுக்காரப் பெண்ணே "இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்" என்பார். எத்தனை மாடு, யார் கறப்பது என்று துருவிக் கேட்டால்தான் தெரியும்.

இதற்கு மருந்து, ஒரு நாளின் 24 மணி நேரமும் எதில் போகிறது என்று பதியும் நேரக் கணக்கெடுப்பு. 1998-99 வெள்ளோட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. ஆனால் நாடு முழுக்க நடந்தது 2019இல்தான், அப்புறம் 2024. அமெரிக்கா 2003 முதல் ஆண்டுதோறும் எடுக்கிறது. திறப்பு விழாப் பந்தல்களுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சம் இதற்குப் போகலாம் என்பது என் கட்சி.

2025 ஏப்ரல் முதல் நம்மிடமும் மாதக் கணக்கு வருகிறது, வார அடிப்படையில். ஆண், பெண் சேர்த்து 2023-24 ஆண்டுக் கணக்கில் 60.1 சதவீதம், அந்த ஏப்ரலில் 55.6. இதைப் பார்த்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் வாரக் கணக்கை எடுங்கள். அதிலும் அந்த 15 மணி நேர வித்தியாசம் பாக்கி இருக்கும்.