பெட்ரோல் மீட்டர் பொய் சொன்னால் முதலில் டேஷ்போர்டைக் கழற்றாதீர்கள்

பெட்ரோல் மீட்டர் கோளாறு என்று ஷார்ஜாவில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு ஏற்கெனவே ஒரு முறை கழற்றி மாட்டப்பட்டிருக்கும். ஓரங்களில் ஸ்க்ரூடிரைவர் கீறல், வரிசை மாறிய திருகுகள், சில கார்களில் வேறொரு காரிலிருந்து பிடுங்கி வைத்த பழைய கிளஸ்டர், அதாவது மீட்டர்கள் எல்லாம் அடங்கிய பெட்டி. முள் டேஷ்போர்டில் இருப்பதால் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிளஸ்டர் மாற்றிய பிறகும் முள் அதே பொய்யைச் சொல்லும்போதுதான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நினைவுக்கு வருகிறார்.

முள் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. டேங்குக்குள் பெட்ரோலில் மிதக்கும் மிதவை, அதன் கம்பி, கம்பியின் முனையில் மின்தடைத் தகட்டின் மேல் ஊர்ந்து செல்லும் மெல்லிய உலோக விரல்கள், அங்கிருந்து கனெக்டர், வயர், எர்த் (காரின் உடலோடு சேரும் இணைப்பு), இன்றைய கார்களில் நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பிறகுதான் முள். இதில் பெட்ரோலில் ஊறிக்கொண்டும் நாள் முழுவதும் உரசிக்கொண்டும் இருப்பது உலோக விரல்கள்தாம். பழுதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எங்களிடம் அதிகம் வரும் ஒரு காரையே எடுத்துக்கொள்கிறேன். செவர்லே கார்வெட், 1997 முதல் 2004 வரை வந்த சி5 தலைமுறை. இந்தக் காரின் பெட்ரோல் மீட்டர் கோளாறு உலகம் அறிந்த ஒன்று. உரிமையாளர் சொல்லும் கதையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணா, நேற்று இரவுதான் டேங்க் நிரப்பினேன். காலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே முள் தடாலென்று காலிக்கு விழுந்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது. நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகக் காட்டுகிறது." இந்த நாலு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. முள் மெல்ல மெல்லத் தவறினால் ஒரு காரணம். இப்படித் திடீரென்று விழுந்து, தானாகவே எழுந்தால் வேறு காரணம். ஆகவே வண்டியைத் தொடுவதற்கு முன்பு, எப்போது, எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது, நேர்ச்சாலையிலா திருப்பத்திலா என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

சி5-இல் டேங்க் ஒன்றல்ல, இரண்டு. இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக. கியர்பாக்ஸ் பின்பக்கம் உட்கார்ந்திருப்பதால் நடுவில் டேங்குக்கு இடமில்லை. இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 70 லிட்டர். பம்பு இடது டேங்கில். வலது டேங்கில் இருக்கும் பெட்ரோலை, பம்பின் ஓட்டத்தையே பயன்படுத்தி உறிஞ்சும் சிறிய ஜெட் ஒன்று இடப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. மிதவையும் சென்டரும் (sender: மிதவையின் உயரத்தை மின்தடையாக மாற்றிச் சொல்லும் அந்த விரல்களும் தகடும்) ஒவ்வொரு டேங்கிலும் தனித்தனியாக உண்டு. இரண்டின் கணக்கையும் எஞ்சின் கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்து, கிளஸ்டருக்குத் தகவல் அனுப்புகிறது. முள் நேரடியாக எந்த டேங்கோடும் பேசுவதே இல்லை.

செவர்லேயின் தாய் நிறுவனமான ஜி.எம். அந்தக் காலகட்டத்தில் பயன்படுத்திய சென்டர்களில் டேங்க் காலியானால் சுமார் 40 ஓம், நிறைந்தால் சுமார் 250 ஓம் தடை இருக்கும். உலோக விரல்களில் அழுக்குப் படியும்போது அந்தத் தடையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் முதலில் பெட்ரோல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். ஒரு கட்டத்தில் தொடர்பே அறுந்துபோகும். கம்ப்யூட்டர் 'இது நம்பத்தக்க எண் அல்ல' என்று முடிவு செய்து, முள்ளைக் காலிக்குத் தள்ளி விளக்கை எரியவிடும். காலி என்று காட்டுவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் இருக்கும்போது காலி என்று பயமுறுத்தினால் நஷ்டம் பெரிதில்லை. காலியாக இருக்கும்போது முழு டேங்க் என்று காட்டினால் பாலைவனச் சாலையில் நிற்க வேண்டும்.

அந்த அழுக்கு என்ன? தொடர்புப் பரப்புகளில் வெள்ளி கலந்த உலோகம் பயன்படுகிறது. பெட்ரோலில் மீந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற கருமையான படலமாகின்றன. வீட்டில் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது போலத்தான் இதுவும். படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இது ஏதோ பட்டறைக் கதை என்று நினைக்க வேண்டாம். 2004 மே மாதம் அமெரிக்காவின் லூசியானா, புளோரிடா பகுதிகளில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்குப் போய், கார்களின் பெட்ரோல் மீட்டர்கள் கெட்டுப்போயின. நூற்றுக்கணக்கான பங்க்குகளில் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கார்களில் பழுதானவை சென்டர்கள். முட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி சோதனை. சி5-இல் ஒரு வசதி உண்டு; கார் வைத்திருப்பவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், டேஷ்போர்டின் செய்தித் திரையில் ஏதாவது செய்தி இருந்தால் ரீசெட் அழுத்தி நீக்கிவிட்டு, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஃப்யூவல் பட்டனை நான்கு முறை தட்டினால், காரே தன் பழுதுக் குறியீடுகளைத் திரையில் வரிசையாகக் காட்டத் தொடங்கும். காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனர் தேவையில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் பட்டியலில் பி0461, 0462, 0463 ஆகியவை இருந்தால் ஒரு சென்டர். பி1431, 1432, 1433 என்றால் இரண்டாவது சென்டர். குறியீட்டின் பின்னால் சி என்ற எழுத்து இருந்தால் பழுது இப்போதும் இருக்கிறது. எச் என்றால் முன்பு வந்து போன ஒன்று. வந்து போகும் கோளாறுக்கு எச்-தான் சாட்சி. அதனால் பட்டறைக்கு வருவதற்கு முன்பு பேட்டரியைக் கழற்றி மாட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வராதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் போதவில்லை.

குறியீடு இடத்தைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. அடுத்து ஸ்கேனரை மாட்டி, இரண்டு சென்டர்களின் வோல்டேஜையும் ஓடும் காரிலேயே தனித்தனியாகப் பார்க்கிறேன். பட்டறைக்குள் நிறுத்திவைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. பெரிய ரவுண்டானா ஒன்றைச் சுற்றி வந்தால் போதும்: பெட்ரோல் டேங்குக்குள் ஒருபக்கமாக ஒதுங்கும், மிதவை நகரும், விரல்கள் தகட்டில் ஊரும். நல்ல சென்டரில் எண் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். கறுத்துப்போன சென்டரில் எண் ஒரு புள்ளியில் குதித்து உச்சிக்குப் போய்த் திரும்பும். எண் அசையவே இல்லை என்றால் மிதவை சிக்கியிருக்கலாம். எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் வயர் எர்த்தில் உரசுகிறது. திரையில் காட்டும் ரேஞ்ச், அதாவது இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு, சரியாக இருந்து முள் மட்டும் தவறினால்தான் டேஷ்போர்டின் மேல் சந்தேகப்பட ஆரம்பிக்க வேண்டும்.

எர்த் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எர்த் துருப்பிடித்தால் சுற்றில் தடை கூடும். தடை கூடினால் நிறைவு என்று எடுத்துக்கொள்ளும் இந்த அமெரிக்கக் காரில் முள் ஏறும். எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் கணக்கு தலைகீழ்: தடை கூடினால் காலி. அங்கே அதே துருப்பிடித்த எர்த் முள்ளை இறக்கிவிடும். கார் எந்த முறையில் வேலை செய்கிறது என்று தெரியாமல் 'எர்த் போனால் இப்படித்தான் காட்டும்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

அந்தப் பழைய கார்களுக்கு வைத்தியமும் வேறு. டேங்கில் உள்ள சென்டரிலிருந்து வயரைக் கழற்றினால் முள் காலிக்கு இறங்க வேண்டும். அந்த வயரைச் சற்று நேரம் எர்த்தில் தொட்டால் நிறைவுக்கு மெதுவாக ஏற வேண்டும். ஏறியதும் எடுத்துவிட வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நலம், குற்றவாளி டேங்கில். இன்னொரு பழைய தந்திரக்காரன் உண்டு: டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் மீட்டருக்குப் போகும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டத் தொடங்கினால் டேங்க் பக்கமே போகாதீர்கள். ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

இந்த எர்த்தில் தொடும் சோதனையைக் கம்ப்யூட்டர் உள்ள காரில் பழக்கதோஷத்தில் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்சாரமும் அதே டேங்கின் மேல்தான் வந்து சேர்கிறது. எந்த வயர் எது என்று படத்தைப் பார்க்காமல் தொட்டால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். சென்டர் வயரில் பல்பு வைத்துப் பார்ப்பது, 12 வோல்ட்டை நேராகக் கொடுப்பது ஆகியவை எந்தக் காரிலும் கூடாது. அந்த மெல்லிய தகடு கருகிவிடும். அது இருப்பது பெட்ரோல் ஆவிக்குள் என்பதை மறக்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஓம் அளப்பதாக இருந்தால் சாவி ஆஃப், கனெக்டர் கழற்றிய நிலை, டேங்குக்கு வெளியே.

எல்லாம் அளந்து, கறுத்த தொடர்புதான் காரணம் என்று தெரிந்த பிறகு, டேங்கை இறக்குவதற்கு முன்பு ஒரு மலிவான வழியை முயன்று பார்க்கலாம். பாலிஈதர் அமீன் கலந்த பெட்ரோல் சிஸ்டம் கிளீனர் ஒரு பாட்டில், லேபிளில் சொன்ன அளவுக்கு, முழு டேங்கில் ஊற்றி ஓட்டித் தீர்ப்பது. படலம் கரைந்து முள் மாதக்கணக்கில் ஒழுங்காக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காமல் போனதும் உண்டு. தகடு தேய்ந்துபோயிருந்தால் எந்த மருந்தும் தேய்ந்ததை வளர்த்துத் தராது. சி5-இல் சென்டரை மாற்ற டேங்கை இறக்க வேண்டும், அதற்குப் பின்பக்கம் பலவற்றைக் கழற்ற வேண்டும். கூலி உதிரிபாகத்தைவிட அதிகமாகிவிடும். அதனால்தான் பாட்டில் முதலில்.

முள் உண்மையைச் சொல்லியும் கார் நின்றுபோகும் வகை ஒன்றும் உண்டு. கால் டேங்க் காட்டுகிறது, கார் பெட்ரோல் இல்லாமல் அணைகிறது. உடனே மீட்டரைத் திட்டுவார்கள். ஸ்கேனரில் பார்த்தால் வலது டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, இடது டேங்க் வறண்டிருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து உறிஞ்சித் தரவேண்டிய ஜெட் வேலை செய்யவில்லை. இருக்கும் பெட்ரோலைத்தான் மீட்டர் காட்டியது. அது பம்புக்கு எட்டவில்லை. இரண்டு அறை டேங்க் உள்ள வேறு பல கார்களிலும் இதே கோளாறு வரும். இங்கே புதிய சென்டர் போடுவது வீண் செலவு.

பழுது தீரும் வரை என்ன செய்வது? ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, கிலோமீட்டரை வைத்து ஓட்டுங்கள். பாதி டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். வறண்ட டேங்கில் பம்பை ஓடவிட்டால், சென்டர் செலவோடு பம்பு செலவும் சேர்ந்துகொள்ளும்.

டேங்கை இறக்கியே ஆக வேண்டும் என்றால், கிட்டத்தட்டக் காலியாக்கிய நிலையில் காரைக் கொடுங்கள். டேங்கில் சென்டரை மூடும் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் பெட்ரோல் வாடை காருக்குள் வரும். வேலை முடிந்து காரை எடுக்கும்போது, காலியில் ஒரு முறையும் நிரப்பிய பிறகு ஒரு முறையும் இரண்டு சென்டர்களின் வோல்டேஜையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லி, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.