'ப்ளே' என்பதற்குத் தமிழ் ஆட்டம்தான், தளர்வு அல்ல

"எலிவேட்டர் கீலில் இலவச விளையாட்டு உள்ளதா எனப் பார்க்கவும்." பழைய பைப்பர் கப் விமானத்தைப் புதுப்பிப்பது பற்றிய ஒரு தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி. எலிவேட்டர் என்பது விமான வாலில் மேலும் கீழும் அசையும் பலகை; 'ஃப்ரீ ப்ளே' என்ற ஆங்கிலம்தான் இங்கே 'இலவச விளையாட்டு' ஆகியிருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இதைத் திருத்த வருகிறவர்கள் எல்லாரும் 'தளர்வு' என்று எழுதுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'விளையாட்டு' யாரையும் ஏமாற்றாது, படித்ததும் தப்பு என்று தெரிந்துவிடும். 'தளர்வு' சரிபோலத் தோன்றி, படிப்பவரைத் தவறான வேலைக்கு அனுப்பிவிடும்.

பொருந்தியிருக்கும் இரண்டு பாகங்கள் தேய்ந்த பிறகு, ஒன்று அசைந்தும் மற்றது உடனே அசையாமல் நிற்கிற அந்தச் சிறு தூரம்தான் ப்ளே. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு விரைந்து அசைதல் என்ற பொருளும் உண்டு. நம் 'ஆடு' என்ற வினையும் அப்படித்தான்: பிள்ளையும் ஆடுகிறது, பல்லும் ஆடுகிறது. இரண்டு பொருளையும் ஒரே வேரில் வைத்திருக்கிற மொழிக்குப் புதுச்சொல் எதற்கு? வண்டிச் சக்கரத்தின் குடம் தேய்ந்தால் 'ஆட்டம் கொடுத்துவிட்டது' என்போம். லாரிப் பட்டறையில் இன்றும் 'கிங்பின்னில் ஆட்டம் இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, தளர்வில் என்ன குறை? தளர்ந்ததை முறுக்கினால் இறுகும். 'நெம்புகோலில் தளர்வு' என்று படிக்கிறவர் ஸ்பேனரைத்தான் எடுப்பார். 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 கட்டப்பட்ட ஜே-3 கப்பில், விமானியின் கைத்தடிக்கும் வாலுக்கும் நடுவே கேபிள், கப்பி, நெம்புகோல், கீல் என்று எத்தனையோ இணைப்புகள். நெம்புகோலின் புஷ், அதாவது போல்ட் நுழையும் துளையில் பொருத்திய உலோக உறை, தேய்ந்திருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் நெம்புகோல் பிடித்துக்கொள்ளும், தடி கனக்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். செய்ய வேண்டியது பழைய புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்து, புதியதைப் பொருத்தி, துளையைச் சீவிச் சரியாக்கும் ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவந்து, தேய்ந்த போல்ட்டையும் மாற்றுவது. துளையே நீள்வட்டமாகியிருந்தால் வேலை இன்னும் பெரிது. இதையெல்லாம் 'தளர்வு' மறைத்துவிடுகிறது.

கேபிளுக்கு வேறு சொல் வேண்டும், அது தொய்வு. அதை டர்ன்பக்கிள் என்ற கேபிள் இறுக்கியைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் கீலில் உள்ள ஆட்டத்தைத் தொய்வு என்று நினைத்து கேபிளை இறுக்கினால் கப்பிகளில் உராய்வு கூடுவதுதான் மிச்சம். மூன்று பழுது, மூன்று வேலை. தளர்வு, தொய்வு, ஆட்டம் என்று மூன்று சொல்லும் நம்மிடம் இருக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள் மூன்றையும் ஒன்றாக்குகிறார்கள். 'இடைவெளி' என்பாரும் உண்டு. அது வடிவமைத்தவர் வேண்டுமென்றே விட்டது. ஆட்டம் தேய்ந்து வந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எலிவேட்டரில் ஆட்டம் அளவு மீறினால், வேகத்தில் காற்று அதைப் படபடக்க வைத்து வாலையே சிதைத்துவிடலாம். ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறையிலேயே சொல்லின் பொருள் இருக்கிறது: ஒருவர் தடியை அசையாமல் பிடிக்க, மற்றவர் எலிவேட்டரின் பின்விளிம்பை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார்.

அகராதியைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்வந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால்பலகையான சுக்கானுக்கும் இதே கதிதான். அரபியிலிருந்து வந்தது என்று ஒதுக்கிவிட்டு 'திசைமாற்றி' என்கிறார்கள். அப்புறம் வால்சக்கரத்தைத் திருப்பும் பொறிக்கும் அதே 'திசைமாற்றி'. கப்பில் சுக்கானோடு ஸ்பிரிங்குகளால் இணைந்துதான் வால்சக்கரம் திரும்புகிறது. 'திசைமாற்றியுடன் திசைமாற்றியை இணைக்கவும்' என்றால் எதை எதனோடு மாட்டுவது?

அந்த 'இலவச'த்துக்கு வருவோம். பயனில்லாமல் வெறுமனே அசைவதைத்தான் ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்கிறார்கள். தமிழில் 'வெற்றாட்டம்' எனலாம். இனி அந்த வரி: "எலிவேட்டர் கீலில் வெற்றாட்டம் உள்ளதா எனப் பார்க்கவும்."