சமுதாய வளர்ச்சி: ஒரு சொல் விளக்கம்

கம்யூனிட்டி டெவலப்மென்ட் என்பதைச் சமூக மேம்பாடு, சமுதாய வளர்ச்சி, சமூக அபிவிருத்தி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எது பொருத்தம் என்பது இருக்கட்டும், முதலில் பொருள். ஓரிடத்தில் வாழ்கிறவர்கள் தங்களுக்கு என்ன தேவை என்று தாங்களே கூடிப் பேசி முடிவெடுத்து, அதற்குத் தாங்களும் உழைத்து, பள்ளி, மருத்துவமனை, குடிநீர், நூலகம் என்று பொதுச் சேவைகளை நடத்தும் அலுவலகங்களையும் அந்த வேலைக்குள் இழுத்துக்கொள்வதுதான் இது. மக்களின் சொந்த முயற்சியும் அரசின் முயற்சியும் ஒன்றுசேர்வது என்றுதான் ஐக்கிய நாடுகள் அவையும் 1956இல் விளக்கியது. யாரையும் கேட்காமல் அலுவலகமே ஒரு கட்டடத்தைக் கட்டிப் பூட்டிவிட்டுப் போனால் அது கட்டுமானப் பணி, அவ்வளவுதான். மக்களே காசு போட்டு எல்லாவற்றையும் செய்துகொண்டால்? நல்லதுதான், ஆனால் அலுவலகம் தப்பித்துக்கொள்கிறது.

பிரிட்டிஷ் காலனி ஆட்சியில் ‘வெகுமக்கள் கல்வி’ என்று சொல்லிவந்ததை, 1948இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஆப்பிரிக்க நிர்வாக மாநாடு கம்யூனிட்டி டெவலப்மென்ட் என்ற பெயருக்கு மாற்றச் சொன்னது. இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று இதே பெயரில் அரசுத் திட்டம் தொடங்கியது. தமிழில் அது சமுதாய வளர்ச்சித் திட்டம்.

வேர்தான் சுவையானது. கம்யூனிட்டி, லத்தீன் ‘கொம்யூனிஸ்’ வழி வந்தது, அதற்குள் இருப்பது ‘மூனுஸ்’, அதாவது கடமை. கடமையைப் பகிர்ந்துகொண்டவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், முனிசிபாலிட்டிக்கும் வேர் அதே மூனுஸ்தான்! அக்கம்பக்கத்தாரும் நகராட்சியும் பங்காளிகள் (அதனால்தானோ என்னவோ இவ்வளவு சண்டை). டெவலப் பழைய பிரெஞ்சுச் சொல், சுற்றியிருப்பதைப் பிரிப்பது என்று பொருள். சுற்றி மூடும் என்வலப் அதற்கு உடன்பிறப்பு.

சரி, தமிழுக்கு வருவோம். சமூகம், சமுதாயம் இரண்டும் வடமொழி, இரண்டுக்கும் திரள் என்பதே அடிப்படைப் பொருள். தனித்தமிழ் எழுதுவோர் குமுகம், குமுகாயம் என்பார்கள். ‘சமூகம்’ என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு: சொசைட்டிக்கும் அதே சொல், கம்யூனிட்டிக்கும் அதே சொல், போதாக்குறைக்கு ‘எங்கள் சமூகம்’ என்று யாராவது சொன்னால் காதில் விழுவது சாதி. கம்யூனிட்டி சென்டரை இலங்கைத் தமிழில் சனசமூக நிலையம் என்று அழகாகச் சொல்கிறார்கள், அந்தச் சொல்லில் இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து வளர்ச்சி. வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை. பிள்ளை வளர்ப்பு, ஆடு வளர்ப்பு என்போம், சமுதாய வளர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே இருப்பது தானே விரிவதைச் சொல்ல, டெவலப்பின் பழைய பொருளுக்குப் பக்கத்தில், வளர்ச்சியே நிற்கிறது. மேம்பாடும் தவறில்லை, மேம்படுத்துதல் என்று எழுதும்போதுதான் மேலே இருந்து ஒருவர் வந்து செய்வதாகிவிடுகிறது.

என் தேர்வு: ஓரிடத்தில் வாழ்கிறவர்களைச் சொல்கிறோம் என்பது தெரிய, முதன்முறை வரும்போது ‘ஊர்ச் சமுதாய வளர்ச்சி’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ‘சமுதாய வளர்ச்சி’ என்றே தொடரலாம்.