தோட்டத்துக் கேமரா எதைப் பார்க்கிறது?

மிளகு விலை ஏறிய பிறகு கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கேமரா முளைத்துவிட்டது. கொடியில் இருக்கும்போதே உருவிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம், களத்தில் காயப்போட்டதைச் சாக்கோடு தூக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரவில் காப்பிச் செடிகளை மிதித்துப் போகும் காட்டெருமை வேறு. கம்பம் நட்டு, சோலார் தகடு மாட்டி, சிம் கார்டு போட்டுவிட்டால் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் உட்கார்ந்தபடியே தோட்டத்தைப் பார்க்கலாம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வழக்கறிஞரான என்னிடம் கட்சிக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: என் பட்டா நிலத்தில் நான் கேமரா வைப்பதை யார் தடுக்க முடியும்?

கேமரா வைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. சொந்த நிலத்தில் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது எங்கே பார்க்கிறது, பதிவான படம் யார் கைக்குப் போகிறது என்ற இரண்டு இடங்களில்தான் வழக்கு பிறக்கிறது.

மலைச்சரிவில் இந்தச் சிக்கல் சமவெளியைவிடக் கூடுதல். மேல் தோட்டத்தில் நட்ட கம்பம், கீழே இருக்கும் வீட்டின் முற்றத்தையும் குளியலறை வாசலையும் நேராகப் பார்க்கும். வேலி எத்தனை உயரமாக இருந்தாலும் பயனில்லை. அடுத்த வீட்டின் அந்தரங்கத்தைக் குலைக்கும்படி புதிதாக ஜன்னல் திறக்கக் கூடாது என்ற ஊர் வழக்கம் இருந்தால் அதை உரிமையாகவே ஏற்கலாம் என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே (Easements Act) எடுத்துக்காட்டோடு சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்த பிறகு, கீழ்வீட்டுக்காரர் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போனால் மேல் தோட்டக்காரர் வெறும் பட்டாவைக் காட்டித் தப்ப முடியாது. பெரும்பாலும் கேமராவைச் சற்றுத் திருப்பினாலே தீர்ந்துவிடும் தகராறு இது. நோட்டீஸ் அனுப்பும் செலவுகூட வீண்.

தீராத தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டக்காரர் ஒருவர் தன் கைபேசியைக் காட்டினார். திரையில் நான்கு கட்டங்கள். மூன்றில் கேட், களம், மிளகுக் கொடி ஏறிய மரங்கள். நான்காவதில் ஓடைக்கரைப் பாறை. பறிப்புக்கு வந்த பெண்கள் இருவர் இருவராக அந்தப் பாறைக்குப் பின்னால் போய் வருகிறார்கள். மூட்டையை அங்கே ஒளிக்கிறார்களோ என்பது அவருடைய சந்தேகம். தோட்டத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் சூழலில் ஒரு பெண் இருக்கும்போது, கழிப்பறைத் தேவை உள்ளிட்ட அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பரப்புவதும் குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். மறுமுறை மூன்று முதல் ஏழு ஆண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு, அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுத்தால் ஆண், பெண் யாராக இருந்தாலும் பொருந்தும்.

திருடனைப் பிடிக்க வைத்தேன், தெரியாமல் பதிவாகிவிட்டது என்று முதல் நாள் சொல்லலாம். தெரிந்த பிறகும் கேமரா அதே திசையில் நின்றால் அந்த வாதத்தை நானே நம்பமாட்டேன். உத்தராகண்டின் கார்பெட் பகுதியில் விலங்குகளுக்காக வைத்த தானியங்கிக் கேமராவில் இப்படிச் சிக்கிய ஒரு பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஆத்திரமடைந்த ஊர்க்காரர்கள் கண்ணில் பட்ட கேமராக்களை உடைத்தார்கள். நம் மலையிலும் அப்படி நடக்க வெகுநேரம் ஆகாது. என் கட்சிக்காரரிடம் கேமராவைத் திருப்பச் சொன்னேன்; முதலில் ஒரு கழிப்பறை கட்டச் சொன்னேன். கழிப்பறை யோசனைக்குத்தான் அவர் அதிகம் முணுமுணுத்தார்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. இரவில் தோட்டத்தைக் கடந்து போன ஓர் ஆளின் படத்தை ‘மிளகுத் திருடன்’ என்று ஊர்க் குழுவில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓடையில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவராகவும் அவர் இருக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி அவதூறுக்கு இரண்டாண்டு வரை தண்டனை உண்டு. படத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் வீட்டுத் தேவைக்காக ஒருவர் வைத்திருக்கும் பதிவுகளைத் தொடுவதில்லை. கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் தோட்டத்தையும் ஹோம் ஸ்டேயையும் வீட்டுத் தேவை என்று வாதாடுவது கடினம். நட்டத்தைத் தடுக்க முதலாளி வேலையாட்களின் தரவைக் கையாள அச்சட்டமே இடம் தருகிறது. விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் ‘இங்கே கேமரா உள்ளது’ என்று தமிழில் பலகை வையுங்கள். கேமரா பொருத்தியவரின் கைபேசியில் உங்கள் தோட்டம் இன்னும் தெரிகிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் தெரிகிறது. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, கணக்கிலிருந்து அவரை நீக்க வேண்டும்.

திருட்டே நடந்துவிட்டால், திரையைக் கைபேசியால் படம்பிடித்து எடுத்துவந்து பயனில்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு சான்றிதழ் கேட்கிறது. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் மறுபகுதியையும் நிரப்ப வேண்டும்; கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் அதில் வர வேண்டும். இடம் நிரம்பினால் பதிவுப் பெட்டி பழையதன் மேலேயே பதியும். ஆகவே திருட்டு தெரிந்த அன்றே பதிவை நிறுத்திவிட்டு, பெட்டியையோ மெமரி கார்டையோ அப்படியே எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போங்கள்.